சிறு தொழிலிடங்களில் ஊழியர்களைப் பாராட்டுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி, கோவையில் ஒரு லேத்துப் பட்டறை, கடைவீதியில் ஒரு துணிக்கடை, பதினைந்து பேர் அமர்ந்து வேலை செய்யும் ஒரு கணினி அலுவலகம் ஆகிய இடங்களில் மனிதவளத் துறை என்று தனியாக எதுவும் இருப்பதில்லை. முதலாளி, சூப்பர்வைசர், கணக்கர் ஆகிய மூவருக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. அத்தகைய இடங்களை நடத்துபவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. யார் எந்த வேலையை எப்படிச் செய்தார் என்பதைக் கவனித்துச் சொல்லும் பாராட்டுதான் மனதில் நிற்கும் என்பதும், அதற்குப் பணத்தைவிட மேலாளரின் கவனமே அதிகம் செலவாகும் என்பதும் இப்பதில்களின் அடிப்படை.

தீபாவளி போனஸ் கொடுக்கிறோம். அதுவே பாராட்டு ஆகாதா?

ஆகாது. போனஸ் தொழிலாளியின் உரிமை. இருபது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களில், தகுதியுள்ள ஊழியருக்குக் குறைந்தபட்சம் 8.33 சதவீதமும் அதிகபட்சம் 20 சதவீதமும் போனஸ் என்று 1965 ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. பின்னர் வந்த 2019 ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பும் அதே விகிதங்களை வைத்துக்கொண்டது. சட்டப்படி சேர வேண்டியதை மேடை போட்டு, பெயர் வாசித்து, புகைப்படம் எடுத்துக் கொடுத்தால் வாங்குபவர் சிரித்தபடி வாங்கிக்கொள்வார். ஆனால் மனதுக்குள் கணக்கு வேறாகத்தான் ஓடும்.

கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி போடுவதும் இப்படித்தான். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021 இல் செய்யப்பட்ட திருத்தம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. எனவே குடிநீர், கழிப்பறை, மின்விசிறி, நாற்காலி, சொன்ன தேதியில் சம்பளம் ஆகிய எதையும் பாராட்டுப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. அவை கணக்கில் முதல் வரி. பாராட்டு அதற்கு அடுத்த வரியில்தான் தொடங்குகிறது.

சம்பளம் குறைவாக உள்ள இடத்தில் பாராட்டு எடுபடுமா?

எடுபடாது என்பதுதான் நேர்மையான பதில். அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க், பிட்ஸ்பர்க் பகுதியின் பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் விசாரித்து 1959 இல் வெளியிட்ட ஆய்வில், வேலையில் மனக்கசப்பை உண்டாக்கும் காரணங்கள் வேறு, மனநிறைவைத் தரும் காரணங்கள் வேறு என்று பிரித்துக் காட்டினார். சம்பளம், மேற்பார்வை, பணியிட வசதி ஆகியவற்றில் குறை இருந்தால் கசப்பு வளரும். சாதனை உணர்வு, அங்கீகாரம், பொறுப்பு ஆகியவை நிறைவைத் தரும். அவர் பிரித்த விதத்தைப் பின்னர் வந்தவர்கள் பலவாறு மறுத்திருக்கிறார்கள் என்றாலும், ஒன்றை மற்றொன்றால் ஈடுகட்ட முடியாது என்ற பாடம் நம் ஊர்ப் பட்டறைகளில் தினமும் கண்ணெதிரே நடக்கிறது. சனிக்கிழமை மாலை வாரச் சம்பளத்தைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை "நல்லா பண்றீங்க" என்றால் யாருக்கும் காதில் விழாது.

வெறும் வார்த்தையால் வேலை உண்மையிலேயே மேம்படுமா?

மேம்படும் என்பதற்குக் கவனமாகச் செய்யப்பட்ட ஆய்வுகள் உள்ளன. ஆடம் கிராண்ட், ஃபிரான்செஸ்கா ஜினோ இருவரும் 2010 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பல்கலைக்கழகத்துக்காகத் தொலைபேசியில் நன்கொடை திரட்டும் ஊழியர்களில் ஒரு பகுதியினரை இயக்குநர் நேரில் வந்து சந்தித்து, அவர்களுடைய உழைப்புக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரத்தில் அந்தப் பிரிவினர் செய்த அழைப்புகள் முந்தைய வாரத்தைவிட 50 சதவீதத்துக்கும் மேல் கூடின. நன்றி சொல்லப்படாத பிரிவினரிடம் அப்படி ஒரு மாற்றம் இல்லை.

2016 இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் சுவையானது. தரவு உள்ளீடு செய்யும் தற்காலிக ஊழியர்களுக்கு, முன்கூட்டிச் சொல்லாமல், எல்லோர் முன்னிலையிலும் நன்றி அட்டைகள் வழங்கப்பட்டன. எட்டுப் பேர் கொண்ட குழுவில் மிகச் சிறப்பாகச் செய்த மூவருக்கு மட்டும் கொடுத்தபோதுதான் குழுவின் வேலை மிக அதிகமாக உயர்ந்தது; அந்த உயர்வும் பெரும்பாலும் அட்டை கிடைக்காதவர்களிடமிருந்தே வந்தது. நம்மிடத்தில் நல்ல வேலையைக் கவனிக்கிறார்கள் என்ற செய்தி மற்றவர்களுக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கொடுக்கும்போது தகுதி பார்த்துக் கொடுத்தார்கள் என்பதையும், பரிசு வரும் என்று யாரும் காத்திருக்கவில்லை என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

சரி, எப்படிச் சொல்வது? எனக்குப் பேச வராது.

பேச்சுத் திறமை தேவையில்லை. என்று, எந்த வேலை, அதனால் என்ன நேர்ந்தது அல்லது என்ன தவிர்ந்தது ஆகிய மூன்றும் இருந்தால் போதும்.

பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையை எடுத்துக்கொள்வோம். அங்கே நிற்கும் பெண், காலருக்கு வந்த ரிப் (இழுபடும் பின்னல்) துணியின் ஷேடு, அதாவது நிறச் சாயல், உடல் துணியிலிருந்து மிகச் சிறிதளவு மாறியிருப்பதைக் கண்டு, பண்டலைத் தையலுக்கு அனுப்பாமல் நிறுத்துகிறார். ட்யூப்லைட் வெளிச்சத்தில் அந்த வேறுபாடு தெரியாது. ஜன்னல் அருகே எடுத்துச் சென்று பார்த்திருக்கிறார். அவரிடம் சூப்பர்வைசர் "சூப்பர்க்கா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் அதற்கு ஒரு பொருளும் இல்லை. "அக்கா, புதன்கிழமை காலர் ரிப்புல ஷேடு மாறியிருந்தத நீங்க ஜன்னல்கிட்ட கொண்டுபோய்ப் பாத்து நிறுத்தலைன்னா, முழு ஆர்டரும் தச்சு முடிச்ச பொறவுதான் தெரிஞ்சிருக்குமுங்க. ஷிப்மெண்ட்டே கைவிட்டுப் போயிருக்கும்" என்று சொன்னால், அவர் ஜன்னல்வரை நடந்த நடையை ஒருவர் பார்த்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அடுத்த முறையும் அவர் நடப்பார். பக்கத்து மேசைக்காரரும் நடப்பார்.

இதையே நான்கு வரியில் கையால் எழுதிக் கொடுப்பது இன்னும் நல்லது. கணினியில் அச்சிட்ட சான்றிதழைவிட, கம்பெனி லெட்டர்பேடில் முதலாளி தன் கையெழுத்தில் எழுதிய குறிப்பை ஊழியர்கள் வீட்டில் காட்டுகிறார்கள், பத்திரப்படுத்துகிறார்கள். தமிழிலேயே எழுதுங்கள், வீட்டில் உள்ளவர்களும் படிக்க வேண்டும் அல்லவா.

எல்லோர் முன்னிலையிலும் சொல்வதா, தனியாகவா?

ஆளைப் பொறுத்தது. கூட்டத்தில் பெயர் சொன்னால் தலை நிமிர்பவரும் உண்டு, கூசிப்போய் இரண்டு நாள் கேலிக்கு ஆளாகிறவரும் உண்டு. "முதலாளி ஆளு" என்ற பட்டம் விழுந்துவிட்டால் சக தொழிலாளர்களோடு அவருடைய உறவே கெடும். புதிதாகச் சேர்ந்தவர்களிடமும், ஆண் மேற்பார்வையாளரின் கீழ் வேலை செய்யும் பெண்களிடமும் முதலில் வேலையிடத்திலேயே, அடுத்தவர் காதிலும் இயல்பாக விழும் அளவில் சொல்வது பாதுகாப்பானது. பெண் ஊழியரைப் பாராட்டும்போது பேச்சு வேலையைப் பற்றி மட்டுமே இருக்க வேண்டும். உடை, தோற்றம், குடும்பம் எதுவும் அதில் கலக்கக் கூடாது.

சரக்கு வாங்கும் வாடிக்கையாளரிடமிருந்து வந்த பாராட்டை மட்டும் எப்போதும் பொதுவில் வாசியுங்கள். வெளிநாட்டு வாடிக்கையாளரின் மின்னஞ்சல் பெரும்பாலும் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரின் கணினியோடு நின்றுவிடுகிறது. தைத்தவருக்கும் அயர்ன் செய்தவருக்கும் அது தெரிவதே இல்லை. தேநீர் இடைவேளையில் அதைத் தமிழில் சொல்லிக்காட்டுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

பணமாகக் கொடுப்பது நல்லதா, பொருளாகவா?

ஊழியர்களிடம் கேட்டால் பெரும்பாலோர் பணம் என்பார்கள், அது நியாயமும்கூட. ஆனால் சிறிய தொகை என்று வரும்போது விளைவு வேறாக இருக்கிறது. ஜெர்மனியில் நூலகப் பட்டியலிடும் வேலைக்கு வந்த தற்காலிக ஊழியர்களை வைத்து நடத்தப்பட்டு 2012 இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினருக்கு 7 யூரோ கூடுதல் ஊதியமும், இன்னொரு பிரிவினருக்கு அதே விலையுள்ள, அழகாகச் சுற்றிய ஃபிளாஸ்க்கும் தரப்பட்டன. பணம் பெற்றவர்களின் வேலையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஃபிளாஸ்க் பெற்றவர்கள் ஏறத்தாழ 25 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள். பிறகு ஐந்து யூரோ நோட்டைச் சட்டை வடிவில் மடித்து, இரண்டு யூரோ நாணயத்தில் முகம் வரைந்து கொடுத்தபோது அந்தப் பணமும் ஃபிளாஸ்க்கைப் போலவே பலன் தந்தது. கொடுத்தவர் செலவிட்ட நேரமும் எடுத்த சிரத்தையும்தான் எண்ணப்படுகின்றன என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

மொய் கவரில் ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டி, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுக்கும் வழக்கமுள்ள நமக்கு இது புதிதல்ல. ஐந்நூறு ரூபாயைச் சம்பளக் கணக்கில் சேர்த்து அனுப்பினால் அது கைபேசிக் குறுஞ்செய்தியாக வந்து மறைந்துவிடும். ஐந்நூற்றொன்றாகக் கவரில் போட்டு, மேலே பெயர் எழுதி, இரண்டு கையாலும் கொடுத்தால் அது வேறு விஷயம்.

பொருள் என்றால், பொன்னாடையைத் தவிருங்கள். அதை யாரும் போர்த்திக்கொண்டு திரிவதில்லை. நல்ல தேங்காய்ப்பூத் துண்டு அதே விலையில் கிடைக்கும், தினமும் பயன்படும். இன்னும் ஒரு படி மேலே போக விரும்பினால் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கி, பாத்திரக் கடையிலேயே பெயர் வெட்டிக் கொடுங்கள். வெட்ட வேண்டியது ஊழியரின் பெயரை, கம்பெனியின் பெயரை அல்ல. கம்பெனி சின்னம் அச்சிட்ட டி-ஷர்ட், குடை, கடிகாரம் எல்லாம் விளம்பரப் பொருள்கள் என்பது வாங்குகிறவருக்குத் தெரியும்.

விடுப்பு தருவதைப் பாராட்டாகக் கருதலாமா?

கருதலாம்; குறைந்த செலவில் செய்யக்கூடியவற்றில் இதுவே மிகவும் விரும்பப்படுவது என்று சொல்வேன். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பீஸ் ரேட்டில், அதாவது செய்த உருப்படிக்கு ஏற்பக் கூலி வாங்கி, வேலை செய்பவருக்கு "நாளைக்கு லீவு எடுத்துக்கங்க" என்று சொல்வது பரிசு அல்ல, ஒரு நாள் கூலி இழப்பு. அவருக்கு விடுப்பை வெகுமதியாகத் தருவதானால் சராசரி நாள்கூலியையும் சேர்த்தே தர வேண்டும். அது இயலாவிட்டால், கூலி குறையாத வகையில் நேரத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையைத் தரலாம்: பிள்ளையின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றால் பதினோரு மணிக்கு வந்து மாலையில் ஈடுசெய்ய அனுமதிப்பது, பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் நாளில் காரணம் கேட்காமல் விடுவது, ஊர் நோம்பிக்கு (கோயில் திருவிழாவுக்கு) பூச்சாட்டிய அன்றே விடுப்பை உறுதி செய்வது போன்றவை.

உறுதி செய்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "பாக்கலாம்" என்று கடைசி நாள்வரை இழுத்தடித்துக் கொடுக்கும் விடுப்பில் நன்றி பிறக்காது. கெஞ்சி வாங்கியது போன்ற உணர்வே மிஞ்சும்.

வடமாநிலத் தொழிலாளர்களுக்கு என்ன செய்யலாம்?

முதலில் பெயர். ஒடிசாவிலிருந்து வந்தவரையும் ஜார்கண்டிலிருந்து வந்தவரையும் ஒரே "பையா"வாக அழைப்பதை நிறுத்தி, அவரவர் பெயரைக் கேட்டு, சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொண்டு அழைத்தால் அதுவே பெரிய மரியாதை. ஊர்க்காரத் தொழிலாளிக்கு "வாங்க, போங்க" என்றும் இவருக்கு "வா, போ" என்றும் பேசும் வழக்கம் இருந்தால், மொழி தெரியாதவருக்கும் அந்த வேறுபாடு நன்றாகவே புரியும்.

அடுத்தது ரயில். 2024 நவம்பர் முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்திருக்கிறது. தீபாவளிக்கும், அதற்கு ஆறு நாள் கழித்து வரும் சத் பூஜைக்கும் பீகார், ஜார்கண்ட் செல்லும் வண்டிகளில் முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் இடம் தீர்ந்துவிடும். எனவே யாருக்கு எந்தத் தேதிமுதல் விடுப்பு என்பதை எழுபது நாள் முன்னதாகவே முடிவு செய்து அறிவித்து, முன்பதிவு திறக்கும் காலையில் அலுவலகக் கணினியில் கணக்கரை உட்காரவைத்து டிக்கெட் எடுத்துக் கொடுங்கள். கட்டணத்தை அவர்களே தருவார்கள். உங்களுக்கு ஒரு காலை நேரம்தான் செலவு. முன்பதிவில்லாப் பெட்டியில் இரண்டு நாள் நின்றுகொண்டே போனவருக்கு அந்தப் படுக்கை இருக்கையின் அருமை தெரியும். விடுப்பு முடிந்து அவர் திரும்பி வருவாரா என்ற கவலைக்கும், திரும்புவதற்கான டிக்கெட்டையும் அப்போதே சேர்த்து எடுத்துவிடுவதைப் போன்ற நல்ல மருந்து வேறில்லை.

மாதந்தோறும் 'சிறந்த ஊழியர்' விருது வைக்கலாமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. மாதத்துக்கு ஒருவர் கட்டாயம் என்று வைத்துவிட்டால் ஆறாவது மாதத்தில் அது முறை வைத்து வரும் சடங்காகிவிடும். அல்லது சூப்பர்வைசருக்கு வேண்டியவருக்கே போகும். சுவரில் மாட்டிய புகைப்படச் சட்டத்தில் போன ஆண்டு விலகிப்போனவர் இன்னும் சிரித்துக்கொண்டிருப்பார்.

வருகைப் பதிவுக்கு விருது கொடுப்பதில் இதைவிடப் பெரிய சிக்கல் உண்டு. அமெரிக்காவில் ஒரு சலவைத் தொழிற்சாலையில், மாதம் முழுவதும் விடுப்பும் தாமதமும் இல்லாதவர்களின் பெயர்களைக் குலுக்கிப் போட்டு 75 டாலர் பரிசு அட்டை தரும் திட்டத்தை ஆராய்ந்து 2016 இல் வெளியிட்டார்கள். தாமதம் குறைந்தது உண்மைதான். ஆனால் திட்டம் வருவதற்கு முன்பே ஒழுங்காக நேரத்துக்கு வந்துகொண்டிருந்தவர்களின் உற்பத்தி 6 முதல் 8 சதவீதம் வரை சரிந்தது. இத்தனை நாளும் கடமையாகச் செய்ததற்கு இப்போது பந்தயம் வைக்கிறார்களே, அதுவும் வழக்கமாகத் தாமதமாக வருபவருக்கும் ஒரு மாதம் சரியாக வந்ததற்குப் பரிசா என்ற மனத்தாங்கல்தான் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். மொத்தத்தில் தொழிற்சாலைக்கு நட்டமே.

பரிசு கொடுப்பதென்றால் நடந்த செயலுக்குக் கொடுங்கள், நடந்தபோது கொடுங்கள், நடக்காத மாதத்தில் கொடுக்காதீர்கள். யாராவது ஒரு யோசனை சொல்லி அது நடைமுறைக்கு வந்தால் அவருடைய பெயரையே அதற்கு வைத்துவிடலாம். ஒரு டர்னர் (லேத்து ஓட்டுபவர்) கண்டுபிடித்த ஜிக்கை, அதாவது வேலைப் பொருளைச் சரியான இடத்தில் பிடித்துவைக்கும் கருவியை, அவர் பெயரைச் சொல்லி எல்லோரும் கேட்டு வாங்கும் பட்டறையில் தனியாக விருது எதற்கு?

ஆயுத பூஜை ஆண்டுதோறும் செய்கிறோம். அதில் புதிதாக என்ன செய்ய முடியும்?

பொரி, பொட்டுக்கடலை, சுண்டல், இனிப்பு எல்லாம் எங்கும் உள்ளவைதான். கற்பூரத் தட்டு யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான இடங்களில் முதலாளி குடும்பம் முன்னே நிற்கும். லேத்தை விடியற்காலையிலிருந்து டீசலும் வேஸ்ட் துணியும் கொண்டு துடைத்துச் சந்தனம் வைத்தவர் பின்வரிசையில் நிற்பார். அந்த இயந்திரத்தை ஓட்டுபவரையே அதற்குக் கற்பூரம் காட்டச் சொல்லுங்கள். மூத்த தொழிலாளியைப் பூசணிக்காய் உடைக்கச் சொல்லுங்கள். குடும்பத்தோடு வரச்சொல்லி, அப்பா அல்லது அம்மா என்ன வேலை செய்கிறார் என்பதைப் பிள்ளைகளுக்கு அந்த இயந்திரத்தின் முன்னாலேயே காட்டச் சொல்லுங்கள். பூஜையில் கலந்துகொள்ள விரும்பாத பிற சமயத்தவரை வற்புறுத்த வேண்டாம். இனிப்புப் பெட்டியும் புதுச் சட்டையும் அவர்களுக்கும் உண்டு என்பதை மட்டும் உறுதி செய்யுங்கள்.

ஊழியர் வீட்டு விசேஷங்களுக்கு முதலாளி போக வேண்டுமா?

எல்லாவற்றுக்கும் போக முடியாது, ஆனால் ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். காதுகுத்துக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் போகாவிட்டால் மன்னிப்பார்கள். துக்கத்துக்குப் போகாவிட்டால் மறக்க மாட்டார்கள். ஆகவே ஊழியரின் பெற்றோர், துணைவர், பிள்ளைகள் ஆகியோரின் மறைவுக்குக் கட்டாயம் நேரில் செல்வது என்று முடிவெடுத்து, கட்டிங் மாஸ்டர் வீட்டுக்கும் கூட்டிப் பெருக்குபவர் வீட்டுக்கும் ஒரே மாதிரி செல்லுங்கள். ஒருவருக்குப் போய் மற்றவருக்குப் போகாமல் இருப்பது, யாருக்குமே போகாமல் இருப்பதைவிடக் கெட்டது. சாதி பார்த்துப் போகிறார் என்ற பேச்சு அங்கேதான் தொடங்கும்.

கணினி அலுவலகத்தில் வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்தினால் போதாதா?

பிறந்தநாளுக்குப் போதும். வேலைக்குப் போதாது. "குட் ஜாப் டீம்" என்று போட்டதும் வரிசையாகக் கட்டைவிரல் படங்கள் விழுந்து, யார் என்ன செய்தார் என்பது அடியில் புதைந்துவிடுகிறது. இரவு பதினோரு மணிக்கு வரும் பாராட்டும் ஒரு வேலைச் செய்திதான். வாடிக்கையாளரோடு நடக்கும் கூட்டத்தில், அந்தப் பகுதியை உருவாக்கிய இளைஞரையே விளக்கச் சொல்லி, மேலாளர் பேசாமல் இருப்பது இதைவிடப் பெரிய அங்கீகாரம்.

பாராட்டினால் சம்பள உயர்வு கேட்பார்களே?

கேட்கலாம். நன்றாக வேலை செய்கிறேன் என்று நீங்களே சொன்ன பிறகு அவர் கேட்பது தவறில்லை. இப்போது கொடுக்க முடியாவிட்டால் ஏன் முடியாது, எப்போது பரிசீலிக்க முடியும் என்பதைத் தேதியோடு சொல்லுங்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து வாயை மூடிக்கொள்ளும் முதலாளியிடமிருந்து ஊழியர் பக்கத்துக் கம்பெனிக்குச் சொல்லாமல் போவார். பனியன் தொழிலில் பக்கத்துக் கம்பெனி பெரும்பாலும் அதே வீதியிலேயே இருக்கும்.

சூப்பர்வைசர்களுக்கு இந்தத் தயக்கம் இன்னும் அதிகம். தலைக்கனம் ஏறிவிடும் என்பார்கள். அவர்களை யாரும் பாராட்டியதில்லை என்பதே பல இடங்களில் காரணமாக இருக்கும். முதலாளி அங்கிருந்து தொடங்கலாம்.

வேலையை விட்டுப் போகிறவருக்கு ஏதாவது செய்ய வேண்டுமா?

செய்ய வேண்டும், இருப்பவர்கள் எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நிலுவைச் சம்பளத்தை அலையவிடாமல் கொடுப்பதும், வருங்கால வைப்புநிதிக் கணக்கில் விலகிய தேதியை உடனே பதிவதும் கடமைகள். அதற்கு மேல் செய்யக்கூடியது அனுபவச் சான்றிதழ். "இவர் எங்கள் நிறுவனத்தில் இத்தனை ஆண்டுகள் பணிபுரிந்தார், நன்னடத்தை உடையவர்" என்ற இரண்டு வரிக் கடிதம் அடுத்த இடத்தில் எதற்கும் உதவாது. எந்த இயந்திரங்களை ஓட்டினார், எந்த வகைத் துணியில் அல்லது உலோகத்தில் வேலை செய்தார், யாருக்கெல்லாம் பழக்கிக் கொடுத்தார், எந்தப் பொறுப்பைத் தனியாகப் பார்த்துக்கொண்டார் என்று அரைப் பக்கம் எழுதி, கையெழுத்திட்டு, கடைசி நாளன்றே கையில் கொடுங்கள். பின்னால் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லாதீர்கள்.